பெறாத தந்தை: தேம்பாவணி முதல் ஷரஃபியா வரை தமிழ்க் கிறித்தவ மரபில் தந்தைமையும் இறைக்காவலும்

தமிழில் எழுந்த கிறித்தவக் காப்பியங்களுள் தலையாயது தேம்பாவணி. வீரமாமுனிவர் இயற்றிய இந்நூல் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. இதன் பாட்டுடைத் தலைவர் இயேசு பெருமான் அல்லர். அவரைப் பெறாமல் வளர்த்த தச்சரான சூசை. காப்பியத்துள் அவர் பெயர் வளன். நற்செய்தி நூல்கள் நான்கிலும் ஒரு சொல்லேனும் பேசாத ஒருவரைத் தமிழ்க் காப்பியத்தின் தலைவராக்கியது வியப்புக்குரிய தேர்வு. இத்தேர்வை முனிவரின் தனிப்பட்ட பக்திக்கு அடையாளமாக மட்டும் கண்டு ஆய்வாளர் பெரும்பாலும் கடந்து செல்கின்றனர். தமிழ்க் கிறித்தவம் தந்தை என்னும் உறவை எவ்வாறு சிந்தித்தது என்பதற்கு அதுவே திறவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து. பெறுதலைக் காட்டிலும் ஏற்றுக் காத்தலையே அம்மரபு தந்தைமையின் உயிர்நாடியாகக் கொண்டது; இறைவனைத் தந்தை என்று அழைத்ததும் அப்பொருளிலேயே.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அவ்விடமாக ஷரஃபியா இங்குக் கொள்ளப்படுகிறது. சவுதி அரேபியாவின் துறைமுக மாநகரான ஜித்தாவில், மலையாளிகளும் தமிழரும் பிற தெற்காசியத் தொழிலாளரும் கடைவீதிக்கும் உணவகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வந்து கூடும் பகுதி அது. ஜித்தா செங்கடற்கரையில் உள்ளது. பாரசீக வளைகுடாவை ஒட்டியதன்று. ஆயினும் குமரி, நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களில் ‘வளைகுடா’ என்றாலும் ‘அரபு நாடு’ என்றாலும் ஜித்தாவும் அதனுள் அடங்கும். ‘அப்பா ஜித்தாவில் இருக்கிறார்’ என்னும் தொடரோடு வளர்ந்த பிள்ளைகள் அம்மாவட்டங்களில் பலர். தந்தை இருக்கிறார், வீட்டில் இல்லை. அந்நிலையில் தந்தையைப் போற்றுதல் என்பது என்ன, கண்காணாத விண்ணகத் தந்தையை நம்புதல் என்பது என்ன என்னும் வினாக்கள் வெறும் இறையியல் வினாக்களாக நின்றுவிடுவதில்லை.

முத்துக்கரையில் பிள்ளைகள் கற்பித்த செபம்

‘வளைகுடா’ என்னும் சொல் தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் இருமுறை இடம்பெறுகிறது. முதலாவது மன்னார் வளைகுடா. உலகின் பழைய முத்துக்குளிப்புக் கடல்களுள் அதுவும் பாரசீக வளைகுடாவும் பெயர்பெற்ற இரண்டு. 1530களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறையின் பரதவர் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542 அக்டோபரில் புனித பிரான்சிசு சவேரியார் அக்கரைக்கு வந்தபோது அவர்களுக்குப் பெயரளவில் சமயம் இருந்தது, செபம் தெரியாது. இருமொழி அறிந்தவர்களின் துணையோடு அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடமாகக் கற்றுச் சவேரியார் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த, இறைவனைத் தந்தை என்று விளிக்கும் செபம் அவற்றுள் முதன்மையானது.

அவருடைய கடிதங்களில் நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று உள்ளது. அவர் பெரிதும் நம்பியது சிறுவர்களை. அவர்கள் கற்றதைத் தத்தம் இல்லங்களில் தாய்தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்று பணித்ததாகவும், அவர்கள் அதனை ஆர்வத்தோடு செய்ததாகவும் எழுதுகிறார். ‘எங்கள் பிதா’ என்று விண்ணோக்கி அழைக்கும் செபத்தைத் தமிழ்க் கடற்கரைத் தந்தையர் பலர் தம் பிள்ளைகள் வாயிலாகவே கற்றனர். மகன் தந்தைக்குக் குருவாதல் தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதன்று. முருகன் சிவனுக்கு உரைத்த கதை சுவாமிமலையில் நிலைபெற்றது. ஆயினும் இங்கு நிகழ்ந்தது புராணம் அன்று, கடலில் உழைக்கும் குடும்பங்களின் அன்றாட ஏற்பாடு.

நம்பிக்கை குறித்த ஒரு திருத்தமும் அக்காலத்தது. முதல் மொழிபெயர்ப்பில் ‘விசுவசிக்கிறேன்’ என்னும் பொருளில் ‘வேணும்’ என்னும் சொல் புகுந்திருந்தது. அது தவறு என்று அறிந்த சவேரியார் 1544இல் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அதனை மாற்றுமாறு அறிவுறுத்தினார். விரும்புதல் வேறு, நம்பிச் சார்தல் வேறு. எனக்கு இன்னது வேண்டும் என்று தந்தையிடம் கேட்கும் பிள்ளையின் சொல் முதலாவது. தந்தை தருவதை ஏற்று அவர் கையைப் பற்றிக்கொள்ளும் பிள்ளையின் சொல் இரண்டாவது. மொழிபெயர்ப்புப் பிழை என்று சிரித்துக் கடந்துவிடத்தக்க இச்செய்தி தமிழ்க் கிறித்தவ இறையியலின் முதல் விவாதம் என்றே கருதத்தக்கது. இச்செபங்களை உள்ளிட்ட தமிழ்ச் சிற்றேடு 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சேறியது. அண்டிரிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது.

வளன்

வீரமாமுனிவரின் இயற்பெயரிலேயே சூசை இருக்கிறார். கான்சுடன்சோ சூசை பெசுகி என்பது அப்பெயர். 1680இல் இத்தாலியின் காசுதிலியோனேயில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து, ஏலாக்குறிச்சி, கோனான்குப்பம் முதலிய ஊர்களில் பணியாற்றி, 1747இல் மறைந்தவர். தாம் பிறந்த நாட்டுக்குத் திரும்பாத அம்மனிதர், அயல்நாட்டுக்குக் குடும்பத்தோடு தப்பியோடிய ஒருவரைத் தம் காப்பியத் தலைவராகக் கொண்டார். எபிரேயத்தில் யோசேப்பு என்னும் பெயர் ‘பெருகச் செய்வான்’ என்னும் பொருளுடையது. அதனை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்து ‘வளன்’ என்றார் முனிவர். கதைப் பொருளுக்கு 17ஆம் நூற்றாண்டு இசுபானியத் துறவி ஆகிர்த மரியாளின் நூல் பெருமளவு துணைநின்றது. ஆனால் அதைக் கொண்டு அவர் எழுப்பிய கட்டமைப்பு தமிழ்க் காப்பிய மரபுக்குரியது.

அக்கட்டமைப்பில் இரண்டு இடங்கள் உற்றுநோக்கத்தக்கவை. முதலாவது, இளமையில் வளன் துறவை நாடிக் கானகம் செல்வதும், வானவர் ஒருவர் தோன்றி இல்லிருந்து அறம் செய்தலின் மேன்மையை எடுத்துரைத்து அவரைத் திருப்புவதும். அதனைத் தொடர்ந்து வரும் ஆறாம் படலத்தின் பெயரே ‘ஈரறம் பொருத்து படலம்’. இல்லறமும் துறவறமும் ஒரே வீட்டில் பொருந்துவதை அது பாடுகிறது. இல்லறமா துறவறமா என்னும் வழக்கு தமிழிலக்கியத்தில் நெடியது. வள்ளுவர் இரண்டையும் அறத்துப்பாலில் அடுத்தடுத்து வைத்தார்; சமண, பௌத்தக் காப்பியங்கள் தம் தலைமக்களைத் துறவில் கொண்டு நிறுத்தின. வளனோ துறவியின் மனத்தோடு குடும்பத் தலைவராகிறார். பிள்ளை அவர் உடலில் பிறந்ததன்று. ஆயினும் தந்தையின் கடமைகள் யாவும் அவருடையன. புறநானூற்றின் 312ஆம் பாட்டு, பெற்றுத் தருவதைத் தாயின் கடனாகவும் சான்றோனாக்குவதைத் தந்தையின் கடனாகவும் பகுத்தது. திருக்குறளின் 67ஆம் பாட்டும் மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தையின் உதவி என்றது. தந்தையின் பங்கு பிறப்பித்தலில் இல்லை, ஆக்குதலில் உள்ளது என்னும் இப்பழைய எண்ணத்துக்கு வளனைவிடத் தூய எடுத்துக்காட்டு இல்லை. பெறுதல் முற்றிலும் நீக்கப்பட்டு ஆக்குதலும் காத்தலும் மட்டும் எஞ்சிய தந்தைமை அவருடையது.

இரண்டாவது இடம், ஐயம். ஏழாம் எட்டாம் படலங்கள் முறையே ‘ஐயந்தோற்று படலம்’, ‘ஐயநீங்கு படலம்’ எனப் பெயர்பெறும். மரியாளின் கருவைக் கண்டு வளன் கலங்குவதும் வானவர் உரைத்துத் தெளிவதும் அவற்றின் பொருள். மத்தேயு சில வரிகளில் முடித்ததை முனிவர் இரு படலங்களாக விரித்தது தற்செயல் அன்று. இறைவழிநடத்தலில் நம்பிக்கை என்பது கலக்கமில்லாத மனநிலை என்று அவர் காட்டவில்லை. ஐயத்துக்கு ஒரு முழுப் படலம் தந்த பின்னரே தெளிவுக்கு ஒரு படலம் தருகிறார்.

இரண்டாம் காண்டம் ‘பைதிரம் நீங்கு படலம்’ என்பதோடு தொடங்குகிறது. பைதிரம் என்றால் நாடு. நாடு நீங்குதல், பாலை கடத்தல், எகிப்து சேர்தல் எனக் காப்பியத்தின் நடுப்பகுதியே ஒரு புலம்பெயர்வுக் கதையாகிறது. வழியில் யோசுவா, கிதியோன் முதலிய பழைய ஏற்பாட்டுத் தலைவர்களின் வரலாறுகள் சொல்லப்படுகின்றன. அரசனின் வாளுக்கு அஞ்சி இரவில் ஊரைவிட்டு ஓடும் ஒரு சிறு குடும்பத்தின் கதைக்குள் ஒரு மக்களினத்தின் நெடுநடையை அடக்கிவிடும் உத்தி இது. மத்தேயுவின் இரண்டாம் இயலில் வானவர் வளனுக்கு இட்ட கட்டளையில் திரும்பும் நாள் குறிக்கப்படவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. மறுபடி சொல்லும்வரை அங்கேயே இரு என்பதே கட்டளை.

தேம்பாவணிக்கு மறுதலையாக ஒரு நூலைச் சுட்ட வேண்டும். எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) சான் பன்யனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவியது. பன்யனின் பயணி தன் மீட்புக்காக மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடுகிறான். அவர்கள் அழைக்கும் குரல் கேளாதவாறு செவிகளைப் பொத்திக்கொள்கிறான். குடும்பத்தோடு நாடு நீங்கும் தந்தை ஒருபுறம். குடும்பத்தை விட்டு நாடு நீங்கும் தந்தை மறுபுறம். தமிழ்க் கிறித்தவத்தின் இரு பெருங்காப்பியங்களும் பயணக் காப்பியங்களே. வளைகுடாத் தந்தை இவ்விரண்டில் எவரைப் போன்றவர் என்னும் வினா எளிதில் விடைகாணத்தக்கதன்று. அவர் பன்யனின் பயணியைப் போலத் தனியே செல்கிறார். ஆனால் வளனைப் போலப் பிள்ளைக்காகச் செல்கிறார். செவிகளைப் பொத்திக்கொள்வதும் இல்லை.

சுவிகாரம்

பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலின் எட்டாம் இயல், இறைவனை ‘அப்பா’ என்று அழைக்கும் உரிமை எவ்வாறு வந்தது என்பதை விளக்கும். இயல்பான பிள்ளைகளுக்குரிய உரிமை அன்று அது. தத்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த உரிமை. 1871ஆம் ஆண்டின் ஒன்றிய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ‘புத்திரசுவிகாரம்’ என்னும் சொல்லை ஆள்கிறது. இச்சொல் ஏட்டிலிருந்து எடுத்த அருஞ்சொல் அன்று. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சையின் அரசியல் முழுவதும் அச்சொல்லைச் சுற்றியே சுழன்றது.

1787இல் தஞ்சை மன்னர் துளசா மரணப் படுக்கையில் இருந்தபோது, தாம் சுவிகாரம் செய்துகொண்ட சிறுவன் சரபோசியைச் சுவார்ட்சு ஐயரின் காவலில் ஒப்படைக்க விரும்பினார். 1726இல் பிறந்து, மணமே செய்துகொள்ளாமல் தமிழகத்தில் வாழ்நாளைக் கழித்த செருமானிய லுத்தரன் அவர். முதலில் தயங்கினார், மன்னரின் உடன்பிறந்தார் அமர்சிங்கு பொறுப்பேற்பது தகும் என்றார். பின்னர் அச்சிறுவனுக்கு ஊறு நேர்ந்தபோது அவனுக்காக நின்றார். சுவிகாரம் செல்லுமா செல்லாதா என்னும் வழக்கு கும்பினியார் முன் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்சு மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோசி அரியணை ஏறினார்.

மன்னர் கிறித்தவராகவில்லை; சைவராகவே இருந்தார். ஆயினும் தம்மைப் பெறாத, தம் சமயத்தையும் சேராத ஒரு துறவியைத் தந்தையாகவே போற்றினார். இலண்டன் சிற்பி சான் பிளாக்சுமன் அவருக்காகச் செதுக்கிய சலவைக்கல் நினைவுச்சின்னம் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த சுவார்ட்சு ஆலயத்தில் இன்றும் உள்ளது. சாகும் ஐயரின் கையை மன்னர் பற்றியிருப்பது அதன் காட்சி. தந்தையைப் போற்றுதல் என்னும் கட்டளைக்குத் தமிழகத்தில் கல்லில் அமைந்த உரைகளுள் இதற்கு ஒப்பானது அரிது. அதே ஐயர் பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்த மற்றொரு பிள்ளை, பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாத்திரியார் (1774–1864). பெற்ற தந்தை உயிரோடிருக்க, வளர்ப்புத் தந்தையிடம் கல்வி பெற்றவர் அவர். சுவார்ட்சு பெறாத பிள்ளைகளுள் ஒருவர் மன்னர், ஒருவர் கவிஞர்.

பிதா, தகப்பன், அப்பர்

சொற்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஒன்றிய மொழிபெயர்ப்பு மனிதத் தந்தையைப் பெரும்பாலும் ‘தகப்பன்’ என்றும், இறைத்தந்தையைப் ‘பிதா’ என்றும் பிரித்துச் சொல்லும். வடசொல்லின் உயர்வும் தொலைவும் இறைவனுக்கு. வீட்டுச் சொல்லின் நெருக்கம் மனிதனுக்கு. ஆனால் 68ஆம் திருப்பாடலில், இறைவன் திக்கற்ற பிள்ளைகளுக்குத் துணையாவதைச் சொல்லுமிடத்தில், அம்மொழிபெயர்ப்பு வேலியைத் தாண்டி இறைவனையே ‘தகப்பன்’ என்கிறது. தந்தையற்ற பிள்ளையின் பக்கம் வரும்போது மட்டும் விண்ணகப் பிதா வீட்டுத் தகப்பனாகிவிடுகிறார். மொழிபெயர்ப்பாளர் இதனைத் திட்டமிட்டுச் செய்தனரா என்பது ஒருபுறம் இருக்க, படிக்கும் காதுக்கு அது அவ்வாறே ஒலிக்கிறது. 1995இன் திருவிவிலியம் இரு சொற்களையும் ‘தந்தை’ என்று ஒன்றாக்கியது. கத்தோலிக்கச் சிலுவை அடையாளச் செபத்திலும் ‘பிதா, சுதன்’ போய்த் ‘தந்தை, மகன்’ வந்தன. தெளிவு கூடிற்று, ஆனால் 68ஆம் திருப்பாடலின் அந்தச் சிறு தாவல் மறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கட்டளையிலும் ஒரு சொல் கருதத்தக்கது. தாய்தந்தையரைப் போற்றும் கட்டளையை ஒன்றிய மொழிபெயர்ப்பு ‘கனம்பண்ணு’ என்னும் வினையால் குறிக்கும். எபிரேய மூலத்தின் வினைச்சொல்லும் கனத்தல், பாரமாதல் என்னும் வேரிலிருந்தே பிறந்தது. ‘மதித்து நட’ என்னும் புதிய தொடர் நல்ல தமிழ். எனினும் எடை அதில் இல்லை. இக்கட்டளை கத்தோலிக்கர்க்கும் லுத்தரன் சபையார்க்கும் நான்காவது. தென்னிந்தியத் திருச்சபையார்க்கு ஐந்தாவது. மறையறிவுப் போட்டிகளில் இருசாராரும் ஒருங்கே கலந்துகொண்டால் குழப்பம் உறுதி. எண் எதுவாயினும் அதன் பொருளை இயேசு மாற்கு நற்செய்தியின் ஏழாம் இயலில் உடைத்துச் சொல்கிறார்: பெற்றோர்க்கு உதவ வேண்டிய பொருளைக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்பவர்களை அங்கே கடிகிறார். போற்றுதல் என்பது வணக்கத்தோடு நில்லாது சோறும் மருந்தும் ஆகும் என்பதே அதன் கருத்து. மாதந்தோறும் அரபு நாட்டிலிருந்து முதிய தந்தைக்கு வரும் பணவிடை இக்கட்டளையின் நேர்ப்பொருளிலேயே கனம்பண்ணுதல் ஆகும்.

‘அப்பர்’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. திருஞானசம்பந்தர் சிறு பிள்ளையாக இருந்து, தம்மைப் பெறாத முதியவரான திருநாவுக்கரசரை ‘அப்பரே’ என்று விளித்ததனால் அப்பெயர் நிலைத்தது எனச் சேக்கிழார் பாடுகிறார். தமிழில் அச்சொல் பெருமை பெற்றதே பிள்ளை ஒருவர் அழைத்ததனால். தமிழ்க் கத்தோலிக்கர் தம் திருத்தூதர்களுக்கும் அதனையே சூட்டினர்: பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், சந்தியாகு சந்தியாகப்பர். போர்த்துக்கீசியச் ‘சூசே’ தமிழில் சூசையப்பர் ஆனார். பிறருக்கு அது மதிப்பொட்டு. சூசைக்கு மட்டும் அதுவே தொழிற்பெயர். உறவுமுறைச் சொற்களும் இதற்கு இணங்குகின்றன. தந்தையின் உடன்பிறந்தாரைப் பெரியப்பா, சித்தப்பா என்று அழைக்கும் மொழியில், தந்தை என்பது ஒருவரிடம் மட்டும் தங்கிவிடும் உறவு அன்று. அவர் இல்லாதபோது வேறொருவர் அவ்விடத்தில் நிற்க மொழியே இடம் வைத்திருக்கிறது.

கஃபீல்

இப்போது இரண்டாவது வளைகுடாவுக்கு வரலாம். எண்ணெய் விலை உயர்ந்த 1973க்குப் பின்னர்த் தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் அரபு நாடுகளுக்குச் சென்றோர் திரளாயினர். கிறித்தவர்க்கு அந்நாடுகள் ஒன்றுபோல் அமையவில்லை. அபுதாபியில் முதல் கத்தோலிக்க ஆலயம் 1965இல் எழுந்தது. அரசர் ஷக்பூத் நிலம் தந்தார். அது சூசையப்பர் பெயரால் அமைந்த ஆலயம், இன்று பேராலயம். துபாயின் தூய மரியன்னை ஆலயம் 1967இல் வந்தது. இவ்விடங்களில் தமிழிலும் வழிபாடு உண்டு. சவுதி அரேபியாவில் முசுலிம் அல்லாதாரின் பொது வழிபாட்டுக்கு இடமில்லை. திருச்சபை நிருவாகத்தில் அந்நாடு பகுரைனைத் தலைமையிடமாகக் கொண்ட வட அரேபிய மறைவட்டத்துள் அடங்கும். ஷரஃபியாவுக்கு வரும் தமிழ்க் கிறித்தவர்க்கு மணியோசையும் இல்லை, பங்குத் தந்தையும் இல்லை. அறைக்குள் தாழிட்டுக்கொண்டு மறைவில் உள்ள தந்தையிடம் வேண்டுமாறு மத்தேயு ஆறாம் இயலில் சொல்லப்பட்ட அறிவுரை அங்கே உருவகமாக நில்லாமல் நடைமுறையாகிவிடுகிறது.

ஒரு சொல் அவரை ஆள்கிறது: ‘கஃபீல்’. தொழிலாளரின் நுழைவுக்கும் தங்கலுக்கும் பொறுப்பேற்கும் உள்நாட்டு முதலாளியை அது குறிக்கும். ஊர்ப்பேச்சில் ‘கப்பீல்’ என்றும் வழங்கும். கஃபாலா என்னும் அவ்வேர்ச்சொல் இசுலாமியச் சட்டத்தில் அநாதைக் குழந்தையை ஏற்று வளர்க்கும் காவலையும் குறிக்கும். திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம், 37ஆம் வசனத்தில், சிறுமி மரியத்தைச் சக்கரியா ஏற்று வளர்த்ததை இவ்வேரின் வினையால்தான் சொல்கிறது. சரபோசிக்குச் சுவார்ட்சு ஒரு கஃபீல். இயேசுவுக்கு வளன் ஒரு கஃபீல். வளர்ப்புத் தந்தைமையைக் குறிக்கும் சொல்லே தொழிலாளரைப் பிணைக்கும் சட்டத்தின் பெயராகவும் ஆனது அரபு மொழிக்குள் நடந்த ஒரு வரலாறு. தன் வீட்டில் தந்தையாக இருக்கும் ஒருவர் கடல் கடந்ததும் சட்டத்தின் கண்ணில் காவலுக்குட்பட்டவராகிறார். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சவுதிச் சீர்திருத்தம், வேலை மாறுவதற்கும் நாடு விட்டுச் சென்று வருவதற்கும் இருந்த பிடியைப் பல தொழிலாளர்க்குத் தளர்த்தியது. சொல் மட்டும் பேச்சில் தொடர்கிறது.

இசுலாம் இறைவனைத் தந்தை என்று அழைப்பதில்லை. அவன் பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை என்பது அதன் அடிப்படை. அச்சூழலில் ‘பிதாவே’ என்று முணுமுணுக்கும் தமிழ்த் தொழிலாளரின் சொல் தனித்து ஒலிக்கிறது. ஆனால் சுவிகாரம் என்னும் பொருளில் அச்சொல்லைக் கொண்டால், முரண் கருதப்படும் அளவுக்குப் பெரிதன்று. தமிழ்க் கிறித்தவர் வேண்டும் தந்தை பெற்றவர் என்பதைவிட ஏற்றுக் காப்பவர். காப்பவன் இறைவனே என்பதில் அவருடைய முசுலிம் அறைத்தோழர்க்கும் மறுப்பில்லை.

வளனோடு இத்தந்தையரை ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. வளன் பிள்ளையை உடன் கொண்டு சென்றார். ஜித்தாவின் தந்தையர் பலர்க்கு அது இயலவில்லை. குடும்ப விசா தொழில்நிலையைப் பொறுத்தது. கிடைத்தவர்க்கும் 2017 சூலை முதல் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. அது ஆண்டுக்கு 100 வீதம் உயர்ந்து 2020இல் 400 ரியால் ஆனது. மனைவியும் இரு பிள்ளைகளும் உடனிருந்தால் ஆண்டுக்கு 14,400 ரியால். இக்கணக்கைப் போட்டுப் பார்த்துக் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே திரும்பியவர் பலர். இத்தகைய பிரிவை ‘இறைவன் சித்தம்’ என்று எளிதாகப் பெயரிட்டுவிடும் வழக்கம் மறையுரைகளில் உண்டு. அது வரலாற்றுக்கும் பொருந்தாது, நூலுக்கும் பொருந்தாது. வளன் எகிப்துக்கு ஓடியது ஏரோதின் ஆணையால்; வழிகாட்டியவர் இறைவன், துரத்தியவர் அரசர். மத்தேயுவும் வீரமாமுனிவரும் இவ்விரண்டையும் ஒன்றாக்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிசு 2019 பிப்ரவரியில் அபுதாபிச் சூசையப்பர் பேராலயத்துக்கு வந்தார். 2020 டிசம்பர் 8ஆம் நாள் சூசையப்பர் ஆண்டை அறிவித்து வெளியிட்ட மடலில், தந்தையர் பிறப்பதில்லை, பிள்ளையின் பொறுப்பை ஏற்பதால் ஆகின்றனர் என்னும் கருத்தை முன்வைத்தார். வறுமையாலும் போராலும் நாடு நீங்குவோரின் காவலராகச் சூசையைக் கண்டார். உலகத் திருச்சபைக்கு இது புதுமையாகப் பட்டிருக்கலாம். தேம்பாவணி படித்தவர்க்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுப் பழமை.

ஊரில் தந்தையின் இடத்தில் நிற்பவர்கள் யார் என்பதும் இவ்வாய்வின் பகுதியாக வேண்டும். தாத்தா, தாய்மாமன், சித்தப்பா, அவர்கள் எவரும் இல்லாத வீடுகளில் தாய். கடற்கரை ஊர்களில் அந்தி மணி ஒலித்ததும் வீடுதோறும் செபமாலை சொல்லும் வழக்கம் உள்ளது. அதனைத் தொடங்கிவைக்கும் குரல் முன்னர்ப் பெரும்பாலும் தாயுடையதும் பாட்டியுடையதும். இப்போது கைப்பேசியின் மறுமுனையில் தந்தை சேர்ந்துகொள்ள, சிறு பிள்ளை முன்னின்று சொல்வதும் உண்டு. சவேரியார் விட்டுச்சென்ற ஏற்பாடு, அவர் அறியாத கருவியில் தொடர்கிறது.

எகிப்திலிருந்து திரும்பிய வளன் தாம் புறப்பட்ட யூதேயாவுக்குச் செல்லவில்லை. ஏரோதின் மகன் அர்க்கெலாவு ஆள்வதை அறிந்து கலிலேயாவுக்குப் போனார் என்று மத்தேயு குறிக்கிறார். வளைகுடாவிலிருந்து மீள்வோரின் வரலாறும் இவ்வாறே சிக்கலானது. அது பெரும்பாலும் எழுதப்படவில்லை. அதற்குரிய சான்றுகள் ஆவணக்காப்பகங்களில் இல்லை. 1980களில் தந்தையர் தம் குரலைப் பதிந்து ஊருக்குப் போகும் நண்பர் கையில் கொடுத்தனுப்பிய ஒலிநாடாக்களில் உள்ளன: பிள்ளைகளுக்கு அறிவுரை, கடன் கணக்கு, தாத்தாவின் மருந்து, முடிவில் ஒரு செபம். குமரி, தூத்துக்குடிக் கடற்கரை வீடுகளின் பெட்டிகளில் அவை இன்னும் கிடக்கக்கூடும். காந்த நாடாவின் ஆயுள் குறுகியது. உப்புக்காற்றில் இன்னும் குறுகும். ஆய்வு நூலகங்கள் அவற்றைத் திரட்டி எண்ணிமமாக்கும் பணியை இனியும் தள்ளிப்போட இயலாது.